பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து நெப்ராஸ்கா வரை: ஒரு லுத்தரன் விவசாயக் குடும்பத்தின் வழித்தடத்தைத் தேடுவது எப்படி

அமெரிக்காவின் நடு மாநிலங்களில் பண்ணை வைத்திருக்கும் பழைய லுத்தரன் குடும்பங்களிடம் "உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜெர்மனி. முதலில் பென்சில்வேனியாவோ ஓஹையோவோ, அப்புறம் இங்கே" என்பார்கள். வாய்வழியாக வந்து சேர்ந்தது பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த ஒரு வரியை ஊர், வருடம், நிலம், கோயில் (தேவாலயம்) என்று விரித்து எழுதுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

என் கணவரின் குடும்பம் நெப்ராஸ்காவின் சீவர்ட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மக்காச்சோளம் பயிரிடுகிறது. நான் தரங்கம்பாடிப் பக்கம் பிறந்த தமிழ் லுத்தரன். எங்கள் பிள்ளைகளுக்கு என் பக்கத்து முன்னோரைப் பற்றி நிறையத் தெரியும். அப்பா பக்கத்துக் கதையோ கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு அயோவா, இந்தியானா, ஓஹையோ என்று தாண்டி, பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டி வரை போய்ச் சேர்ந்தேன். இந்தத் தேடலில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தனி ஆளைத் துரத்தாதீர்கள். அவரோடு கோயிலில் உட்கார்ந்தவர்களையும் சேர்த்துத் தேடுங்கள். இந்த விவசாயிகள் தனியாக மேற்கே போனது குறைவு. அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்துப் பண்ணைக்காரர் என்று கூட்டமாகப் போனார்கள். ஒருவர் பெயர் பதிவில் சிதைந்திருந்தாலும் மற்றவர்களின் பெயர்கள் வழி காட்டும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

குடும்ப வேதாகமத்தின் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதியிருப்பார்கள். அதைப் படம் எடுக்கும்போது அந்த வேதாகமம் அச்சான வருடத்தையும் சேர்த்து எடுங்கள். 1880ல் அச்சான புத்தகத்தில் 1790ல் நடந்த பிறப்பு எழுதியிருந்தால், யாரோ பின்னால் நினைவிலிருந்து எழுதியது என்று தெரியும்.

அதைவிட எனக்கு உதவியது திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை சபையில் தன் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு) சான்றிதழ்கள். பூ வேலைப்பாட்டோடு சட்டமிட்டு, மாடி அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். பிறந்த தேதி, பிறந்த இடம், சபையின் பெயர், போதகரின் கையெழுத்து, பிள்ளைக்குக் கொடுத்த வேதவசனம் என்று எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். சபையின் பெயர் கிடைத்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

பெரியவர்களிடம் "எந்த வருடம்?" என்று கேட்காதீர்கள். வருடம் யாருக்கும் நினைவிருக்காது. "எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், எந்தக் கல்லறைத் தோட்டம், பக்கத்து நிலம் யாருடையது, அம்மாவின் ஞானத்தாய் யார்?" என்று கேளுங்கள். என் மாமனார் வருடம் ஒன்றையும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்களைக் கடகடவென்று சொன்னார். அந்தப் பெயர்களில் பாதியை அப்புறம் இந்தியானாவின் சபைப் பதிவேட்டில் பார்த்தேன்.

கல்லறைக் கல்லில் பிறந்த தேதி இல்லாமல் "64 வருடம், 3 மாதம், 11 நாள்" என்று வயது மட்டும் இருக்கலாம். இறந்த தேதியிலிருந்து கழித்தால் பிறந்த தேதி கிடைக்கும். ஓரிரு நாள் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் பிறப்பிடம்

1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 72 வருடம் கழித்தே பெயர்களோடு வெளியிடுவார்கள் என்பதால் 1950தான் இப்போதைக்குக் கடைசி, 2022ல் வெளியானது. 1850க்கு முன்னால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். 1850லிருந்து வீட்டில் இருந்த எல்லோர் பெயரும், பிறந்த மாநிலமும் வரும். 1880ல் ஒவ்வொருவரின் தாய் தந்தை பிறந்த இடமும் சேர்ந்தது. 1900ல் பிறந்த மாதம், வருடம், அமெரிக்காவுக்கு வந்த வருடம் எல்லாம் கேட்டார்கள். 1890ஆம் ஆண்டுப் பதிவுகள் 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சிக்கி ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன.

மேற்குப் பயணத்தைக் கண்டுபிடிக்க இதில் அருமையான வழி ஒன்று இருக்கிறது: பிள்ளைகளின் பிறப்பிடத்தை வயது வரிசையில் பாருங்கள். 1880ல் நெப்ராஸ்காவில் ஒரு வீட்டில் 21 வயது மகன் இந்தியானாவில் பிறந்தவன், 14 வயது மகள் அயோவாவில் பிறந்தவள், 6 வயதுப் பையன் நெப்ராஸ்காவில் பிறந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியானாவை விட்டது சுமார் 1859க்கும் 1866க்கும் நடுவில், அயோவாவை விட்டது 1866க்கும் 1874க்கும் நடுவில் என்று உடனே சொல்லிவிடலாம். அதே பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் உள்ள வீடுகளைப் பாருங்கள். அதே வரிசையில் பிறப்பிடங்கள் இருக்கும் குடும்பம் கண்ணில் பட்டால், அவர்கள் கூடவே வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயரைக் குறித்து வையுங்கள்.

மாநிலங்கள் தனியாக எடுத்த கணக்குகளை விட்டுவிடாதீர்கள். நெப்ராஸ்காவின் 1885 கணக்கெடுப்பு, தீயில் போன 1890ன் இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும். அயோவாவின் 1856 கணக்கெடுப்பில், அந்த மாநிலத்துக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்றே கேட்டிருக்கிறார்கள். 1925 அயோவா கணக்கெடுப்பு இன்னும் ஒரு படி மேலே: ஒவ்வொருவரின் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் வரை இருக்கிறது. குடும்பத்தில் யாராவது ஒரு கிளை அயோவாவிலேயே தங்கியிருந்தால் அந்தக் கிளையைத்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் நேரடி முன்னோர் 1925க்கு முன்பே நெப்ராஸ்காவுக்குப் போயிருந்தாலும், அவர் தங்கையின் வரியில் அதே பெற்றோர் இருப்பார்கள்.

1850 முதல் 1880 வரை விவசாயக் கணக்கு தனியாக எடுத்தார்கள். உழுத நிலம் எத்தனை ஏக்கர், எத்தனை குதிரை, எத்தனை கறவை மாடு, எத்தனை புஷெல் கோதுமை என்று ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வரி. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே கவுண்டியில் இருந்தால், யார் நம்ம ஆள் என்று பிரிக்க இது உதவும்.

நிலத்தின் முகவரி

ஓஹையோவுக்கு மேற்கே பெரும்பாலான நிலத்தை 1785ல் தொடங்கிய முறைப்படி சதுரம் சதுரமாக அளந்தார்கள். ஒரு டவுன்ஷிப் பக்கத்துக்கு 6 மைல். அதில் 36 செக்ஷன். ஒவ்வொரு செக்ஷனும் 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160 ஏக்கர். செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (கிழக்கு மேற்காக எத்தனையாவது வரிசை) என்ற மூன்று எண்கள் தெரிந்தால் இன்றைய வரைபடத்தில் அந்த வயலின் ஓரத்தில் போய் நிற்கலாம். அரசிடமிருந்து நேரடியாக வாங்கிய நிலத்தின் பட்டாக்களை மத்திய நில மேலாண்மைத் துறையின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குடும்பப் பெயரைப் போட்டால் போதும். 1820க்குப் பிறகு அரசு விலை ஏக்கருக்கு 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கர். 100 டாலர் சேர்த்த ஒரு விவசாயி இந்தியானாவில் பண்ணை தொடங்கலாம் என்பது இந்தக் கணக்கில்தான்.

பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் இந்தச் சதுரம் கிடையாது. "வெள்ளை ஓக் மரத்திலிருந்து இன்னாருடைய எல்லைக் கல் வரை" என்று மரத்தையும் ஓடையையும் வைத்து அளந்தார்கள். ஆனாலும் அந்தப் பத்திரத்தில் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

பட்டா வெறும் முடிவுத் தாள். அதற்குப் பின்னால் உள்ள கோப்பில்தான் வாழ்க்கை இருக்கிறது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 18 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் வரை எடுத்து, 5 வருடம் அங்கேயே குடியிருந்து உழுது காட்டினால் நிலம் சொந்தம். வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைக்கு முதல் விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டும். அதன் நகல் பல கோப்புகளில் கிடைக்கும். கடைசியில் இரண்டு சாட்சிகள் வந்து, வீட்டின் நீள அகலம், கிணறு, தொழுவம், எத்தனை ஏக்கர் உழுதார், பிள்ளைகள் எத்தனை என்று வாக்குமூலம் கொடுப்பார்கள். நெப்ராஸ்காவின் கோப்புகள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. சாட்சிகளின் பெயரை விடாதீர்கள். எங்கள் கோப்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், இந்தியானாவில் என் கணவரின் கொள்ளுப்பாட்டிக்கு ஞானத்தகப்பனாக நின்றவரின் மகன்.

இன்னொன்று. உங்கள் குடும்பத்து நிலம் ரயில் பாதையை ஒட்டிய பகுதியில், ஒற்றைப்படை எண் செக்ஷனில் இருந்தால் ஹோம்ஸ்டெட் கோப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு அரசு ஒன்றுவிட்டு ஒரு செக்ஷனாக, ஒற்றைப்படை எண்களைக் கொடுத்தது. அவர்கள் அதைக் குடியேறிகளுக்குக் கடனில் விற்றார்கள். அந்த விற்பனைப் பத்திரம் கவுண்டி அலுவலகத்தில்தான் இருக்கும்.

ஊரை விட்டுப் போனவர் நிலத்தை அப்புறம் விற்பதும் உண்டு. இந்தியானாவில் ஒரு பத்திரம், விற்பவர் "அயோவா மாநிலம், இன்ன கவுண்டிவாசி" என்று சொன்னால், போன இடத்தை அவரே சொல்லிவிட்டார். மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவதால் அவர் பெயரும் கிடைக்கும்.

சபைப் பதிவேடு

எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இது. கணக்கெடுப்பு எழுதுபவர் வாசலில் நின்று கேட்டதை எழுதிவிட்டுப் போய்விடுவார். போதகர் அப்படி இல்லை. அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். கணக்கெடுப்பில் "ஜெர்மனி" என்று மட்டும் இருக்கும் இடத்தில், அடக்கப் பதிவில் பிறந்த கிராமத்தின் பெயரே இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் தேட அந்தக் கிராமத்தின் பெயர் இல்லாமல் முடியாது. அதனால் கல்யாணப் பதிவைவிட அடக்கப் பதிவை முதலில் கேளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோருக்கு அடுத்து, பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் வருவார்கள். அநேகமாகத் தாயின் தங்கை, தகப்பனின் அண்ணன், தாத்தா பாட்டி, இல்லையென்றால் கூடவே வந்த அயலார். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் பெயரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் பதிவில் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலில் மறுபடி மறுபடி வரும் குடும்பப் பெயரில் ஒளிந்திருக்கும். நற்கருணை வாங்கியவர்களின் பட்டியலும் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பெயர் இருந்து அடுத்த வருடம் இல்லையென்றால், இடம் மாறியதை அது காட்டலாம்.

பெயர்களைப் படிக்கும்போது இரண்டு வழக்கங்கள் நினைவில் இருக்கட்டும். ஒரே வீட்டில் யோஹான் கேயோர்க், யோஹான் ஆடம், யோஹான் மிஹாயேல் என்று எல்லாப் பையன்களும் யோஹானாக இருப்பார்கள். கூப்பிடும் பெயர் இரண்டாவது. அவர்களே வளர்ந்து ஜார்ஜ், ஆடம், மைக்கேல் என்று கணக்கெடுப்பில் வருவார்கள். பெண்ணின் குடும்பப் பெயரோடு கடைசியில் "இன்" சேர்த்து எழுதுவார்கள். "முல்லரின்" என்றால் முல்லர் வீட்டுப் பெண். அமெரிக்காவில் முல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும், ட்ஸிம்மர்மன் கார்பென்டராகவும் ஆயிருக்கலாம். எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று குடும்பங்களில் சொல்வார்கள். அந்த நிலையம் திறந்ததே 1892ல்தான். அங்கேயும் அதிகாரிகள் கப்பலில் எழுதி வந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியது பெரும்பாலும் அக்கம்பக்கமும் பள்ளிக்கூடமும் குடும்பமுமே.

தேதி "திரித்துவத்துக்குப் பின் 5ஆம் ஞாயிறு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வருடத்து ஈஸ்டர் தேதியைப் பிடித்து எண்ணிக்கொள்ள வேண்டும். சபை நாட்காட்டியோடு வளர்ந்தவர்களுக்கு இது சிரமம் இல்லை. 1752 வரை பிரிட்டிஷ் காலனிகளில் பழைய நாட்காட்டிப்படி புது வருடம் மார்ச் 25ல்தான் பிறந்தது. அதனால் அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி தேதிகளைப் பதிவில் உள்ளபடியே எழுதி வையுங்கள்.

பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது? சபை இன்னும் நடந்தால் பெரும்பாலும் அங்கேயே, அலுவலக அலமாரியில். மூடப்பட்டுவிட்டால் அது சேர்ந்திருந்த சினோடின் (பல சபைகள் சேர்ந்த கூட்டமைப்பு) ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டும். 1847ல் சிகாகோவில் உருவான மிசூரி சினோடுக்கு செயின்ட் லூயிஸில் கன்கார்டியா வரலாற்று நிலையம் இருக்கிறது. 1988ல் மூன்று லுத்தரன் திருச்சபைகள் இணைந்து உருவான அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குத் தனி ஆவணக்காப்பகமும், பகுதிவாரியான காப்பகங்களும் உண்டு. ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் அந்தச் சபை எந்த சினோடில் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு உலகங்கள் இந்தியானாவில் சந்தித்தன. ஆண் வழி பென்சில்வேனியாவிலிருந்து ஓஹையோ வழியாக வந்த பழைய குடும்பம். பெண் வழி 1840களில் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து நேரே ஆடம்ஸ் கவுண்டிக்கு வந்தவர்கள். 1838ல் இந்தியானாவின் ஃபோர்ட் வேனுக்கு வந்த ஃபிரெட்ரிக் வைனெக்கன் என்ற போதகர், காட்டுக்குள் சிதறிக் கிடந்த இப்படிப்பட்ட குடும்பங்களைக் குதிரையில் தேடிப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் ஜெர்மனிக்கு எழுதிய வேண்டுகோளைக் கேட்டுப் பல போதகர்கள் வந்தார்கள். அந்தப் பகுதிச் சபைகளின் தொடக்கப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது; இரண்டு நாட்டுப் பெயர்கள் ஒரே பக்கத்தில்.

1918ஐ ஒட்டிப் பல பதிவேடுகள் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அயோவா ஆளுநர் பொது இடங்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிவித்தார். நெப்ராஸ்கா 1919ல் எட்டாம் வகுப்பு முடிக்கும் முன் அந்நிய மொழி கற்பிப்பதைத் தடை செய்தது. ஹாம்ப்டன் ஊரில் சீயோன் லுத்தரன் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயர் ஒரு சிறுவனுக்கு ஜெர்மனில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 1923ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பல வீடுகளில் பெரியவர்கள் பூர்வீகத்தைப் பற்றிப் பேசாமலே போனதற்கு இந்தக் காலம்தான் காரணம் என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொண்டு பொறுமையாகக் கேளுங்கள்.

பென்சில்வேனியாவும் கடலுக்கு அந்தப் பக்கமும்

18ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்ததும் கவுண்டி எல்லைகளைக் கவனியுங்கள். பெர்க்ஸ் கவுண்டி உருவானதே 1752ல்தான். அதற்கு முந்தைய பத்திரங்கள் லங்காஸ்டர், பிலடெல்பியா, செஸ்டர் கவுண்டிகளில் இருக்கும். குடும்பம் நகராமலே கவுண்டி நகர்ந்திருக்கலாம். சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய எல்லை வரைபடத் தொகுப்பு இதற்கு உதவும்.

அந்தக் காலத்தில் லுத்தரன்களும் சீர்திருத்தச் சபையாரும் (இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவினர்) ஒரே கட்டடத்தில் வெவ்வேறு ஞாயிறுகளில் ஆராதித்தார்கள். இரண்டு பதிவேட்டையும் பாருங்கள். யோஹான் காஸ்பர் ஸ்டோவர் போன்ற ஊர் ஊராகச் சுற்றிய போதகர்கள் ஞானஸ்நானங்களைத் தங்கள் சொந்தப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். ஸ்டோவரின் பதிவுகள் அச்சில் வந்திருக்கின்றன. 1742ல் வந்த ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் இந்தச் சபைகளை ஒழுங்குபடுத்தி, 1748ல் முதல் சினோடைக் கூட்டினார். அவரை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரம். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் பென்சில்வேனியா போதகர்களின் கடிதங்களும் இன்று ஹாலேயில், ஃபிராங்கே நிறுவனங்களின் ஒரே ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. இதை அறிந்த நாளிலிருந்து என் பிள்ளைகளிடம் இரண்டு பக்கத்துக் கதையையும் ஒன்றாகவே சொல்கிறேன்.

1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய 16 வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன் ஆண்கள் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பட்டியல்கள் கையெழுத்துப் படிகளோடு அச்சாகியிருக்கின்றன. கையெழுத்தைப் பிற்கால உயிலோடு ஒப்பிடலாம். முன்னும் பின்னும் கையெழுத்திட்டவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களே நாலைந்து வருடம் கழித்து ஞானப்பெற்றோராக நிற்பார்கள்.

19ஆம் நூற்றாண்டில் வந்தவர்களுக்கு 1820லிருந்து அமெரிக்கத் துறைமுகப் பட்டியல்கள் உண்டு. ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850லிருந்து பத்திரமாக இருக்கின்றன. பிரேமனுடையவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. குடியுரிமை விண்ணப்பத்தில் "ஹானோவர் மன்னருக்கு" என்றோ "பிரஷ்ய மன்னருக்கு" என்றோ, யாருக்கான விசுவாசத்தை விட்டார் என்று இருக்கும். எந்த நாட்டின் குடிமகன் என்பது அதில் தெரிந்துவிடும். கிராமத்தின் பெயர் கிடைத்ததும் மேயர் அகராதி என்ற பழைய ஊர்ப்பெயர்த் தொகுப்பில் அந்த ஊர் எந்தச் சபைக்கு உட்பட்டது என்று பாருங்கள், இணையத்தில் இலவசம். பிறகு ஆர்க்கியோன் தளத்தில் சந்தா கட்டி அந்தச் சபையின் பதிவேட்டைத் திறக்கலாம். எழுத்து பழைய குர்ரெண்ட் கையெழுத்து. முதலில் தெரிந்த பெயர்களை அதில் தேடி, எழுத்துகளின் வடிவம் பழகிய பிறகு மற்றதைப் படியுங்கள். சில ஊர்களில் பெயருக்குப் பக்கத்தில் "அமெரிக்காவுக்குப் போனார்" என்று போதகர் குறித்து வைத்திருப்பார்.

சபைகளுக்கு எழுதும்போது

கிராமப்புறச் சபைகளில் பதிவேட்டைப் பார்ப்பவர் அநேகமாக வாரம் சில மணி நேரம் மட்டும் வரும் ஒரு மூதாட்டி. "எங்கள் குடும்பம் பற்றி எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. ஒரு பெயர், அதன் வேறு எழுத்துக்கூட்டுகள், ஐந்து வருட இடைவெளி, ஒரு நிகழ்வு: அவ்வளவு மட்டும் கேளுங்கள். பக்கத்தின் படத்தையே கேளுங்கள், எடுத்து எழுதிய குறிப்பு போதாது. ஓரத்தில் இருக்கும் சின்னக் குறிப்பை எடுத்தெழுதுபவர் விட்டுவிடலாம். காணிக்கையாக ஒரு காசோலை வைத்து அனுப்புவது மரியாதை.

கிடைத்த ஒவ்வொரு தகவலுக்குக் கீழும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தச் சபை என்று எழுதிவிடுங்கள். இணையத்தில் மற்றவர்கள் போட்ட வம்ச மரங்களை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவைக் கண்ணால் பார்க்காத வரை உங்கள் மரத்தில் ஏற்ற வேண்டாம். வேலை ஓரளவு முடிந்ததும் ஒரு நகலைச் சபைக்கும், இன்னொன்றைக் கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்கும் கொடுங்கள். அதில் கூட வந்த குடும்பங்களின் பட்டியலையும் சேருங்கள். நான் சேர்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன்னிடம் இந்தியானா சபையின் பழைய புகைப்படம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.